அப்பாக்குச் சொல்லிராத, பிள்ளை

வாசல்ல செருப்பைக் கழட்ட முந்தியே கையைப் பிடிச்சு ஓரமாக் கூட்டிட்டுப் போய், குரலைக் குறைச்சு, "அவருக்கு என்ன வருத்தமெண்டு தெரியாது, உள்ள போய் அந்தச் சொல்லை மட்டும் எடுத்திராதைங்கோ" எண்டு சொல்லுற வீடுகள்தான் நான் போற வீடுகள்ல கூட. சில வீட்டுல மனுசி சொல்லுவா, சில வீட்டுல மூத்த மகன், வெளிநாட்டுல இருக்கிற மகள் வாட்ஸ்அப்புல முதலே வொய்ஸ் போட்டு வைச்சிருப்பா. சரியெண்டு தலையாட்டிட்டு உள்ள போய் கட்டிலுக்குப் பக்கத்துல கதிரையை இழுத்துப் போட்டு இருப்பன், வீட்டாக்கள் தேத்தண்ணி போட குசினிக்குப் போன கையோட படுத்திருக்கிறவர் மெல்லமா வாயைத் திறப்பார், "எனக்கு விளங்குது பிள்ளை, ஆனா இவங்க தாங்கமாட்டாங்க, அதால நான் ஒண்டும் கேக்கிறேல்ல." ஒரே கூரைக்குக் கீழ ரெண்டு பக்கத்துக்கும் தெரியும், ரெண்டு பக்கமும் மற்றப் பக்கத்தைக் காப்பாத்துறதா நினைச்சு வாயை மூடிக்கொண்டு இருப்பாங்க, கடைசியில படுத்திருக்கிற ஆள் தன்ட சாவோட தனிய இருப்பார். எனக்கு இந்த வேலையில ஆகத் தாங்க ஏலாதது இதுதான், சாவைவிட இது.

நான் உளவளத்துணை, அதுதான் கவுன்சிலிங், டிப்ளோமா செய்தவள், கிழமையில ரெண்டு நாள் வீடுகளுக்குப் போறன், கூடுதலா கேன்சர் வருத்தக்காரரும் ஆரையாவது பறிகுடுத்த ஆக்களும். அந்த வீடுகள்ட கதை ஒண்டையும் இங்க எழுதமாட்டன், திருகோணமலை சின்ன ஊர், வருத்தத்தையும் ஒழுங்கையையும் சொன்னாலே ஆரெண்டு பிடிச்சிருவாங்க, அந்தக் கட்டிலுக்குப் பக்கத்துல கேட்டது அங்கயே இருக்கோணும். அதால என்ட சொந்தக் கதைதான். அப்பாட கதை, பிறகு ஒரு மாமிட கதை. மாமியிட்ட கேட்டுத்தான் எழுதுறன், "எழுது, ஆனா பேர் போடாத" எண்டு சொன்னவா.

அப்பா ஹாபர்ல வேலை செய்தவர், பென்சனுக்கு வந்த பிறகும் காலமை வெள்ளன எழும்பி டச்சு பே கரையால நடந்துட்டு வந்துதான் தேத்தண்ணி குடிப்பார். இருமல் நிக்குதில்ல எண்டு ஸ்கான் எடுக்கப் போய் நுரையீரல்ல இருக்கெண்டு வந்திச்சு. எந்த இடமெண்டு நான் சொல்லமாட்டன், அங்க அந்த ரிசல்ட்டை நடைபாதையில நிண்ட நிலையில சிங்களத்துல அண்ணாக்குத்தான் சொன்னாங்க, அப்பா ரெண்டு முழம் தள்ளி வாங்குல இருந்து அண்ணாட முகத்தைப் பாத்துக்கொண்டு இருந்தவர். ரிப்போர்ட்டை வாசிக்கத் தேவையில்ல, அந்த முகத்தை வாசிச்சாக் காணும். வெளிய வந்து ஓட்டோ ஏற முந்தி அண்ணா என்னை இழுத்து, "அப்பாக்குச் சொல்லிராத பிள்ளை, அவர் உடைஞ்சு போயிருவார்" எண்டார். அப்ப நான் டிப்ளோமா படிச்சுக்கொண்டு இருந்தனான், வகுப்புல உண்மைத்தன்மை பற்றி அசைன்மென்ட் எழுதி நல்ல மார்க்ஸ் எடுத்தனான், அந்த நானே ஓமெண்டு சொல்லிட்டு வீட்டுக்கு வந்து அப்பாட்ட, "சளிதானப்பா, மருந்து குடிச்சா மாறிரும்" எண்டு சொன்னன். அப்பா "ம்ம்" எண்டவர். அந்த "ம்ம்" இப்பவும் என்ட காதுக்க இருக்கு.

அதுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்க. அடுத்த கிழமை அப்பா அம்மாவைக் கிணத்தடிக்குக் கூப்பிட்டு தண்ணி மோட்டரை எப்பிடிப் போடுறது, காத்துப் பிடிச்சா எந்த நட்டைக் கழட்டித் தண்ணி விடோணும் எண்டு காட்டிக் குடுத்தார், நாப்பது வருசமா அந்த மோட்டரில அவரைத் தவிர ஆரும் கை வைக்கேல்ல. காணி உறுதியை எடுத்து பொலித்தீன் பையில சுத்தி அலுமாரிக்க மேல் தட்டுல வைச்சார். தம்பிட சைக்கிளுக்கு டியூப் மாத்தினார். வீட்டுல எல்லாரும் பாத்தனாங்க, ஒருத்தரும் கதைக்கேல்ல, "அப்பாக்கு உசார் வந்திட்டு" எண்டுகூட அம்மா சொன்னவா. அவர் தன்ட பாட்டுக்கு விடை பெற்றுக்கொண்டு இருந்தவர், நாங்க அதை உசாரெண்டு பேர் வைச்சம்.

ஒரு பின்னேரம், சிவராத்திரிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கும், முன் விறாந்தையில இருந்துகொண்டு கேட்டார், "கோணேசர் நகர்வலம் வரேக்க நான் இருப்பனோ தெரியா." சிவராத்திரி முடிய எங்கட கோணேசர் கோயில் சுவாமி மலையை விட்டு இறங்கி ஊருக்குள்ள வருவார், எங்கட ஒழுங்கை வாசல்ல நிறைகுடம் வைக்கிறது வருசா வருசம் அப்பாட வேலை, மாவிலை அவர்தான் பிடுங்கிக்கொண்டு வருவார். என்ட வாயில "ஏன் அப்பா இப்பிடிக் கதைக்கிறீங்க, கட்டாயம் இருப்பீங்க" எண்டு வந்திட்டு, பாதியில நிப்பாட்டினன். ஏன் நிப்பாட்டினன் எண்டு தெரியா, அந்த "ம்ம்" ஞாபகம் வந்ததாத்தான் இருக்கும். "நிறைகுடம் வைக்க நீங்க இருக்கமாட்டீங்களோ எண்டு யோசிக்கிறீங்களா அப்பா?" எண்டு மட்டும் கேட்டன். அவர் தெருவைப் பாத்துக்கொண்டு இருந்தார், கன நேரம். பிறகு, "ஓம்" எண்டார். "சாகிறதுக்குப் பயமில்ல பிள்ளை, வயசும் போட்டுது. ராவுல மூச்சு முட்டுது, கூப்பிட ஏலாம இருக்கு, நீங்க எல்லாரும் நித்திரை. அப்பிடியே ஒருத்தருக்கும் தெரியாமப் போயிருவனோ எண்டுதான்."

நான் அந்த நேரம் வரைக்கும் மனசுக்க ஒரு பெரிய பேச்சு தயார் பண்ணி வைச்சிருந்தனான். ஆத்மா, பிறப்பு, இறப்பு, கடவுள் கைவிடமாட்டார், எல்லாம். அவருக்கு அது ஒண்டும் தேவைப்படேல்ல. ராவுல ஆராவது எழும்போணும், அவ்வளவுதான். "கூப்பிட ஏலாட்டி எப்பிடி எங்களுக்குத் தெரியோணும் அப்பா?" எண்டு கேட்டன், அவரே யோசிச்சு, குசினியில இருந்து சில்வர் டம்ளர் ஒண்டும் கரண்டி ஒண்டும் கொண்டு வரச் சொன்னார். கட்டில் தலைமாட்டுல ஸ்டூலில வைச்சு, ரெண்டு தரம் தட்டிப் பாத்தார், டிங் டிங் எண்டு அறை முழுக்கக் கேட்டிச்சு. "காணும்" எண்டார். அண்டைக்கு ராவு தம்பி பாயைக் கொண்டு வந்து அப்பாட கட்டிலுக்குக் கீழ போட்டுப் படுத்தவன், பிறகு கடைசி வரைக்கும் அவன்ட படுக்கை அங்கதான். அப்பா அந்த ராவு ஒரு தரமும் தட்டேல்ல, நல்லா நித்திரை கொண்டவர், எத்தினையோ நாளைக்குப் பிறகு.

வகுப்புல படிச்ச கார்ல் ரோஜர்ஸ் எனக்கு அந்த விறாந்தையிலதான் விளங்கினார். அமெரிக்கக்காரர், 1902ல பிறந்து 1987ல செத்தவர், இந்த ஆளை நடுவுல வைச்சுச் செய்யுற உளவளத்துணையைத் தொடக்கினது அவர்தான். 1928ல இருந்து 12 வருசம் நியூயோர்க் மாநிலத்துல ரொச்செஸ்டர் எண்ட ஊர்ல பிள்ளைகளோட வேலை செய்தவர். அங்க நடந்த ஒரு சம்பவத்தை அவரே எழுதியிருக்கிறார். குழப்படிக்காரப் பொடியன் ஒருத்தன்ட தாய், பிரச்சினை அந்தத் தாய் பிள்ளையை ஒதுக்கினதுல எண்டு இவருக்குத் தெரியும், அதைத் தாய்க்கு விளங்கப்படுத்த எத்தினையோ தரம் முயற்சி செய்யுறார், ஏலேல்ல, கடைசியில ரெண்டு பேரும் இது சரிவராதெண்டு கை குடுத்துப் பிரியேக்க, கதவடியில நிண்டு அந்தத் தாய் திரும்பிக் கேக்கிறா, பெரிய ஆக்களுக்கும் நீங்க கவுன்சிலிங் செய்யுறதோ எண்டு. ஓமெண்டதும் திரும்பி வந்து இருந்து, தன்ட புருசனோட இருக்கிற கஷ்டத்தையெல்லாம் கொட்டத் தொடங்குறா. அவர் அதுவரைக்கும் தயாரிச்சு வைச்ச கேஸ் ஹிஸ்டரியில இல்லாத கதை. எங்க நோகுதெண்டு நோகுற ஆளுக்குத்தான் தெரியும், எந்தப் பக்கம் போகோணுமெண்டும் அவருக்குத்தான் தெரியும் எண்ட முடிவுக்கு அவர் அப்பிடித்தான் வந்தவர். என்ட பெரிய பேச்சும் ராவு மூச்சு முட்டுற பயமும் அதே கதைதான்.

1957ல அவர் எழுதின கட்டுரையில ஆள் மாறுறதுக்கு என்னென்ன இருந்தாக் காணுமெண்டு ஆறு விசயம் சொல்லுறார், அதுல மூண்டைத்தான் எங்கட பாடக் கொப்பியில பெரிசா எழுதிப் போடுவாங்க, ஒத்துணர்வு, நிபந்தனை இல்லாம ஏற்கிறது, உண்மையா இருக்கிறது எண்டு. கேக்க லேசு. நான் வகுப்புல ஒத்துணர்வெண்டா அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுறதெண்டு நினைச்சனான், "கவலையா இருக்கு" எண்டா "உங்களுக்குக் கவலையா இருக்கு" எண்டு, அதைச் சாகக் கிடக்கிற ஆளுக்கு முன்னால செய்து பாருங்க, முகத்தைத் திருப்பிருவாங்க. ரோஜர்சுக்கே தன்ட வேலையை இப்பிடி ஒரு திருப்பிச் சொல்லுற டெக்னிக்கா ஆக்கினது பிடிக்கேல்ல. அவர் சொன்னது அந்த ஆள்ட உலகத்துக்குள்ள போய், அங்க எது எங்க இருக்கெண்டு பாத்து, நான் பாத்தது சரியோ எண்டு அவரிட்டயே கேக்கிறது. பிழையெண்டா அவர் திருத்துவார். அப்பாட்ட நான் கேட்டதுல நிறைகுடம் இருந்ததாலதான் அவர் "ஓம்" எண்டவர் எண்டு நான் நம்புறன், "சாவைப் பற்றிப் பயப்பிடுறீங்களா" எண்டு கேட்டிருந்தா இல்லையெண்டிருப்பார், அது உண்மையும்தான்.

நிபந்தனை இல்லாம ஏற்கிறது எனக்கு ஆகக் கஷ்டமா இருந்திச்சு. அப்பா ரெண்டாவது கீமோவுக்குப் பிறகு இனி வேண்டாமெண்டார். அண்ணா கத்தினார், அம்மா அழுதா, நான் வாய் திறக்கேல்ல, ஆனா உள்ளுக்க நானும் கத்திக்கொண்டுதான் இருந்தனான். ராவு அப்பா கேட்டார், "நீயும் கோவமோ?" எண்டு. உண்மையா இருக்கிறதெண்டா இங்கதான். "கோவமில்ல அப்பா, நீங்க இல்லாம இருக்கப் பயமா இருக்கு, ஆனா இது உங்கட உடம்பு" எண்டன். அவர் என்ட தலையைத் தடவினார். நான் அழுதன், அவரும் அழுதார். டிப்ளோமாவில துணையாளர் அழலாமோ எண்டு ஒரு மணித்தியாலம் வாதம் போனது ஞாபகம் இருக்கு, மகள் அழாம வேற ஆர் அழுறது.

ஒண்டு வடிவாச் சொல்லோணும், ஏனெண்டா கனபேர் இதைப் பிழையா விளங்கி வைச்சிருக்காங்க. ஆளை நடுவுல வைக்கிறதெண்டா கட்டிலடிக்குப் போய், "உங்களுக்குக் கேன்சர், நீங்க சாகப் போறீங்க" எண்டு உடைக்கிறதில்ல. அது பொய் சொல்லுறதைப் போலவே என்ட விருப்பத்தை அவர் மேல போடுறதுதான். சிலபேருக்குத் தெரிஞ்சுகொள்ள விருப்பமில்ல, அதுவும் அவங்கட உரிமை. "எனக்கு என்ன நடக்குது?" எண்டு ஒருத்தர் நேர கேட்டா, "உங்களுக்கு என்ன தோணுது?" எண்டு முதல் கேக்கலாம், பிறகு "டொக்டரிட்டக் கேட்டுத் தெரிஞ்சுகொள்ள விருப்பமோ, ஆர் பக்கத்துல இருக்கோணும்?" எண்டு கேக்கலாம். எவ்வளவு, எப்ப, ஆரிட்ட இருந்து எண்டதை அவர் முடிவெடுப்பார். எங்கட வேலை கதவைப் பூட்டாம வைச்சிருக்கிறது, இழுத்துத் திறக்கிறதில்ல.

குடும்பத்தை எதிரியாப் பாக்கிறதும் பிழை. "அவருக்குச் சொல்லாதைங்கோ" எண்ட மகன் கெட்டவன் இல்ல, பயந்த மகன். எங்கட ஊர்ல ஒரு ஆளெண்டா தனி ஆளில்ல, மனுசி, பிள்ளை, சகோதரம், ஊர், கோயில், பள்ளி எல்லாம் சேர்ந்துதான் அந்த ஆள். அதால நான் முதல் கதைக்கிறது அந்த வாசல்ல என்ட கையைப் பிடிச்சவரோடதான். "அவருக்குத் தெரிய வந்தா என்ன நடக்குமெண்டு பயப்பிடுறீங்க?" எண்டு கேட்டா அரை மணித்தியாலம் கதைப்பாங்க, பாதியில தாங்களே சொல்லுவாங்க, "அவருக்குத் தெரியும் போலதான் கிடக்கு" எண்டு.

மொழியையும் சொல்லோணும். வருத்தம் ஒரு மொழியில எழுதிக் குடுபட்டு, ஆள் இன்னொரு மொழியில அழுகிற ஊர் இது. மொழி தெரியாம கிளினிக் கொப்பியைக் கையில வைச்சுக்கொண்டு ஆரிட்ட காட்டுறதெண்டு தெரியாம நிக்கிற கிழவியை நான் எத்தினை தரம் கண்டிருக்கன். கூடப் போய் மொழிபெயர்க்கிறதும் உளவளத்துணைதான் எண்டு நான் நினைக்கிறன், புத்தகத்துல அப்பிடி இருக்கோ இல்லையோ.

நோவைப் பற்றியும். நோகேக்க ஒரு மனுசராலும் கதைக்க ஏலாது. சிசிலி சோண்டர்ஸ் எண்ட அம்மா, நேர்ஸா இருந்து, பிறகு ஆஸ்பத்திரிச் சமூக சேவையாளரா இருந்து, அதுக்கும் பிறகு டொக்டருக்குப் படிச்சவா, 1967ல லண்டன்ல சாகிற ஆக்களுக்கெண்டு ஒரு ஆஸ்பத்திரி திறந்தவா. உடம்பு நோ, மனசு நோ, குடும்பக் கவலை, கடவுள் ஏன் இப்பிடிச் செய்தார் எண்ட கேள்வி எல்லாம் பின்னிப் பிணைஞ்ச ஒரே நோ எண்டு அவா சொன்னது நான் போற ஒவ்வொரு வீட்டுலயும் சரியா இருக்கு. எங்கட ஆக்கள் மோர்பின் எண்டதும், "அதைக் குடுத்தா முடிஞ்சுது" எண்டு பயந்து ஒளிச்சு வைக்கிறாங்க. டொக்டர் சொன்ன அளவுல நேரத்துக்கு நேரம் குடுத்தா அது ஆளை முடிக்கிற மருந்தில்ல, எழும்பி இருந்து பேரப்பிள்ளையோட கதைக்க வைக்கிற மருந்து. அப்பா மோர்பின் தொடங்கின மூண்டாம் நாள்தான் கிண்ணியாவுல இருக்கிற தன்ட முஸ்லிம் கூட்டாளி நானாவைக் கூப்பிடச் சொன்னவர். ஹாபர்ல ஒண்டா வேலை செய்த ஆள், ஏதோ சின்னச் சண்டையில பத்து வருசம் கதைக்கேல்ல. நானா பாலத்தால ஓட்டோவில வந்து இறங்கி, கட்டிலடியில இருந்து அப்பாட காலைப் பிடிச்சுவிட்டுக்கொண்டு, பழைய கிரேன் பற்றி ரெண்டு மணித்தியாலம் கதைச்சார். மன்னிப்பு எண்ட சொல் ஒருக்காலும் வரேல்ல. போகேக்க அப்பா, "ரோல்பாண் வாங்கித் தந்த காசு இன்னும் தரேல்ல நீ" எண்டார், ரெண்டு பேரும் சிரிச்சாங்க.

அப்பா நகர்வலத்துக்கு நாலு நாளைக்கு முதல் போயிட்டார், விடிய வெள்ளன. டம்ளரைத் தட்டினவர், தம்பி எழும்பி கையைப் பிடிச்சுக்கொண்டு எங்களைக் கூப்பிட்டவன், எல்லாரும் இருந்தம்.

செத்தவீடெண்டா எங்கட ஊருக்குச் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல. அடுப்பு மூட்டாத வீட்டுக்குச் சாப்பாடு தானா வந்து சேரும், பந்தல் வந்திரும், கதிரை வந்திரும், எட்டு வரைக்கும் ஆள் குறையாது, முப்பத்தொண்டு முடியும் வரைக்கும் ஆராவது வந்து போவாங்க. முஸ்லிம் வீடுகள்ல புருசன் செத்தா மனுசிமார் 4 மாசமும் 10 நாளும் இத்தா எண்ட துக்க காலம் இருப்பாங்க, சிங்கள வீடுகள்ல ஏழாம் நாள் தானம், மூண்டு மாசத் தானம் குடுப்பாங்க. இந்தச் சடங்குகள் பெரிய காவல். நான் பயப்பிடுறது முப்பத்திரெண்டாம் நாளுக்கு. கதிரையெல்லாம் போயிரும், வெளிநாட்டுக்காரர் போயிருவாங்க, போன் நிண்டிரும், அண்டைக்குப் பின்னேரம் அம்மா தன்னை மறந்து ரெண்டு கோப்பை தேத்தண்ணி ஊத்திட்டா. மற்றக் கோப்பையை என்ன செய்யுறதெண்டு தெரியாம மேசையில வைச்சுப் பாத்துக்கொண்டு இருந்தவா. ஊர் அழுது முடிச்சிட்டு, அவாக்கு அப்பத்தான் தொடங்குது. ஆருக்காவது உதவி செய்ய விருப்பமெண்டா அந்த நாளைக்குப் போங்க.

அப்பிடிப் போற சிலபேர் கொண்டு போற சாமான், "இன்னும் அழுதுகொண்டு இருக்கிறியோ, ஏத்துக்கொள்ளோணும்" எண்டது. படிச்ச ஆக்கள் துக்கத்துக்கு அஞ்சு படி எண்டு வேற சொல்லுவாங்க, மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு எண்டு. அதை 1969ல எழுதின குப்ளர் ரோஸ் எண்ட டொக்டர், செத்தவங்கட வீட்டாக்களை வைச்சு எழுதேல்ல, சாகப் போற வருத்தக்காரரோட கதைச்சுத்தான் எழுதினவா, அது ஏணி மாதிரி ஒண்டு ஒண்டா ஏறுற சாமானும் இல்ல. எனக்கு அதைவிட 1999ல ஸ்ட்ரோப், ஷூட் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் சொன்னது கண்ணுக்கு முன்னால நடக்கிறதோட பொருந்துது, துக்கத்துல இருக்கிற ஆள் ஒரு பக்கம் இழப்புக்குள்ள போவார், மறுபக்கம் வாழ்க்கை வேலைக்குள்ள வருவார், அங்கயும் இங்கயும் ஊஞ்சல் மாதிரி. அம்மா காலமை அப்பாட சேர்ட்டை மணந்து அழுதா, பத்து மணிக்கு மோட்டர்ல காத்துப் பிடிச்சிட்டெண்டு தானே நட்டைக் கழட்டித் தண்ணி விட்டா, பின்னேரம் நாடகம் பாத்துச் சிரிச்சா, ராவு திரும்ப அழுதா. "இவாக்குக் கவலையே இல்ல" எண்டு ஒரு சொந்தக்காரி சொன்னதை நான் கேட்டனான். கவலை இல்லாம இல்ல, ஊஞ்சல் அந்த நேரம் இந்தப் பக்கம் வந்திருக்கு, அவ்வளவுதான்.

மாமிட கதை இதோட சேராத கதை. மாமிட மகன் 2006 கடைசியில வேலைக்கெண்டு வெளிக்கிட்டவன், திரும்பி வரேல்ல. உடம்பு இல்ல, கடிதம் இல்ல, ஒரு தகவலும் இல்ல. மாமி போகாத ஒப்பீஸ் இல்ல, கேக்காத சாத்திரி இல்ல. இப்பிடி ஆள் இருக்கோ இல்லையோ எண்டு தெரியாத இழப்புக்கு போலின் பொஸ் எண்ட அமெரிக்கக்காரி தெளிவில்லாத இழப்பெண்டு பேர் வைச்சவா, அதுல ஆகக் கொடுமை என்னெண்டா துக்கம் தொடங்கவே ஏலாது, தொடங்கினா பிள்ளையைத் தானே கொன்ற மாதிரி. சொந்தக்காரர் திவசத்தைச் செய், அவன்ட ஆத்மா அலையும் எண்டாங்க. ஒரு கூட்டத்துல பயிற்சி எடுத்த ஒருத்தர், "எப்ப நீங்க ஏத்துக்கொள்ளப் போறீங்க?" எண்டு கேட்டிருக்கிறார், மாமி அதுக்குப் பிறகு அந்தப் பக்கமே போகேல்ல.

நான் மாமியோட இருக்கேக்க கவனிச்ச ஒரு விசயம், எங்கட தமிழ்ல காலம் வினைச்சொல்லுக்க ஒளிச்சிருக்கு. "நல்லாப் பாடுவான்" எண்டா ஒரு கதை, "நல்லாப் பாடினவன்" எண்டா வேற கதை. மற்ற ஆக்கள் அவனைப் பற்றிக் கதைக்கேக்க "இருந்தவன், செய்தவன்" எண்டு வந்தா மாமிட கை சீலைத் தலைப்பை முறுக்கத் தொடங்கும், "வருவான், இருக்கிறான்" எண்டு ஆராவது ஆறுதலுக்குச் சொன்னாலும் அதே முறுக்கல்தான், அவாக்கு ரெண்டும் தாங்க ஏலாது. மாமி தானாக் கதைக்கேக்க, "அவனுக்குக் கணவாக் கறியெண்டா உயிர்" எண்டு சொல்லுவா. அந்த வசனத்துல காலமே இல்ல. நானும் அந்தக் காலமில்லாத தமிழ்லயே நிண்டன். "அவனுக்கு உறைப்புக் கூடவோ குறைவோ மாமி?" எண்டு கேட்டன். முகம் மலர்ந்து, அரை மணித்தியாலம் கணவாக் கறி எப்பிடி வைக்கிறதெண்டு சொன்னவா, மையை எடுக்காம வைச்சாத்தான் அவனுக்குப் பிடிக்குமாம். சீலைத் தலைப்பு சும்மா கிடந்திச்சு. அவா நிக்கிற இடத்துல போய் நிக்கிறதெண்டா எனக்கு இதுதான், இலக்கணம் வரைக்கும்.

ஆனா எல்லாத்துக்கும் கேக்கிற காது மட்டும் காணாது, இதையும் சொல்லாம விட்டா அது பிழை. ஆறு மாசம் தாண்டியும் ஏக்கம் ஒரு நாளும் விடாம, சாப்பாடு நித்திரை வேலை எல்லாம் அப்பிடியே நிண்டு போய்க் கிடந்தா அது நீடிச்ச துக்கம் எண்டு உலக சுகாதார நிறுவனத்துட புதிய வருத்தப் பட்டியல்லயும் இருக்கு, அதுக்கு ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்குப் போகோணும். தானும் போயிருவம் எண்ட எண்ணம் வந்தா ஒரு நாளும் பொறுக்கக் கூடாது, 1926க்கு எந்த நேரமும் கோல் எடுக்கலாம், அது இலங்கையிட தேசிய உளநல உதவி இலக்கம். சின்னப் பிள்ளைகளுக்கு, "அப்பா வெளிநாடு போட்டார்" எண்டு சொல்லாதைங்கோ, அது வாசலைப் பாத்துக்கொண்டே வளரும். செத்திட்டார் எண்டு சொல்லி, மடியில வைச்சுக்கொண்டு, கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்க.

போன கிழமை மாமி கோல் எடுத்தவா. கன்னியாவுக்குப் போகோணுமாம், வெந்நீரூற்றுக்கு. எங்கட ஊர்ல அந்த ஏழு கிணறும் ராவணன் தன்ட தாய்க்குக் கருமம் செய்ய வாளால குத்தி வந்த கிணறுகள் எண்டுதான் சொல்லுவாங்க, ஆண்டாண்டா எங்கட சனம் செத்தவங்கட அந்தியேட்டிக் கிரியைக்குப் போற இடம், அதால எனக்கு நெஞ்சு ஒருக்கா நிண்டிட்டு, மாமி முடிவெடுத்திட்டாவோ எண்டு. கேக்கத் துடிச்ச வாயை அடக்கிக்கொண்டு, "கன்னியாவுக்குப் போகோணும் போல இருக்கோ மாமி?" எண்டன். "ஓம். கருமம் செய்ய இல்ல. ஐயரும் வேண்டாம். சும்மா, சுடுதண்ணி நாலு வாளி தலையில ஊத்திட்டு வருவம். ஒவ்வொரு கிணத்துலயும் ஒவ்வொரு சூடு, சின்னனில கூட்டிட்டுப் போனா அவன் ஏழையும் தொட்டுத் தொட்டுப் பாப்பான்" எண்டவா. கொஞ்சம் பொறுத்து, "மாத்துச் சீலை கொண்டு வரட்டோ?" எண்டு கேட்டவா, ஓமெண்டன். ஞாயிற்றுக்கிழமை காலமை ஆறு மணிக்கு ஓட்டோ சொல்லியிருக்கன், சனம் வர முந்திப் போயிரலாம்.